சோளகக் கடலுக்கு எந்த எஞ்சின்?

குருநகர்
3 யூன் 2025

கோபிகா,

என் எண்ணைத் தடுத்துவிட்டாய். வட்ஸ்அப் குழுவை விட்டும் போய்விட்டாய். உன் மின்னஞ்சல் முகவரி மட்டும் எங்கள் நிரல்களோடு சேர்ந்து கிடந்தது. அதற்கு எழுதுகிறேன். நேரே வந்து கதைத்திருக்கலாம், நீர்வேலி பெரிய தூரமில்லை. ஆனால் உன் அப்பாவுக்கு முன்னால் நின்று கேம் எஞ்சின் பற்றிச் சண்டை பிடிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

முதலில் செய்தி. ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் நடக்கப்போகும் கணினி விளையாட்டுக் கண்காட்சிக்கு ‘சோளகக் கடல்’ தெரிவாகிவிட்டது. எங்களுக்கு ஒரு மேசை, ஒரு பெரிய திரை. தெரிவானவற்றில் ரசிகர்கள் சேர்ந்து இன்னொரு விளையாட்டை மாற்றிச் செய்த மொட் எங்களுடையது மட்டுந்தான். மற்றதெல்லாம் கொம்பனிகள் செய்தவை. பட்டியலில் எங்கள் மூவரின் பெயரையும் பார்த்துவிட்டு வாகீசன் கொக்குவிலில் தன் வீட்டு முற்றத்திலேயே ஆடினான். நீ நின்றிருந்தால் நீயும் ஆடியிருப்பாய்.

இனி அன்றைய சண்டை. கம்பஸ் காலத்திலிருந்து நாங்கள் செய்தது என்ன? ‘சோல்ற் ஹாபர்’ என்ற பழைய வெளிநாட்டுப் படகு விளையாட்டை எடுத்தோம். ரசிகர்களுக்கென்று அந்தக் கொம்பனி விட்டுக்கொடுத்த கருவிகளை வைத்து அதன் துறைமுகங்களைக் கழற்றினோம். அந்த இடத்தில் குருநகர் இறங்குதுறையையும் மண்டைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்று ஆறு தீவுகளையும் பூட்டினோம். அந்த விளையாட்டின் அடியில் ஓடுகிற எஞ்சின்தான் தண்ணீரை அசைக்கிறது. சோளகக் காற்று எழும்பும்போது அலை எப்படிச் சரிந்து வருமோ அப்படியே வருகிறது. போலந்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தாரே, ‘உங்கள் கடலைப் பார்த்தபின் வரைபடத்தில் யாழ்ப்பாணத்தைத் தேடினேன்’ என்று. அது அந்தத் தண்ணீரின் பெருமை.

நீயோ எஞ்சினையே மாற்ற வேண்டும் என்கிறாய். வீட்டைக் கட்டி முடித்தபின் அத்திவாரத்தை மாற்றச் சொல்கிறாய். ‘நீ கடலைக் கண்டதே பஸ் ஜன்னலாலை’ என்று நான் சொன்னது உண்மை. ‘உன்ரை கடலிலை தமிழ் தண்ணிக்குள்ளை தாண்டு போச்சு’ என்று நீ சொன்னதும் உண்மை. கணக்குச் சரி.

தமிழ் வசனங்களைப் படங்களாக மாற்றுகிற நிரல் உன்னிடம்தான் இருக்கிறது. நெடுந்தீவுப் பகுதிக்கு இன்னும் நிறைய வசனங்கள் கிடக்கின்றன. வந்து அதை முடித்துத் தா. எஞ்சின் பற்றி நான் கதைக்க மாட்டேன், நீயும் கதைக்காதே.

ஜெரிசன்


நீர்வேலி
7 யூன் 2025

திரு. ஜெரிசன் அவர்களுக்கு,

உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. மேசை கிடைத்தது மகிழ்ச்சி. வாகீசனுக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

வசனங்களைப் படமாக்கும் வேலையை நான் இனிச் செய்யமாட்டேன். காரணத்தை அன்று சொல்லி முடிக்க நீங்கள் விடவில்லை. இதில் இடையில் குறுக்கிட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

அந்தப் பழைய எஞ்சின் எங்கள் எழுத்தை அறியாது. ‘செ’ என்று எழுதினால் கொம்பை எழுத்துக்கு முன்னால் வைக்கத் தெரியாமல் பின்னால் வைக்கிறது. அது பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கொம்பனிக்கு எத்தனை தரம் எழுதினோம்? ஒரு பதிலும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு வசனத்தையும் படமாக வரைந்து ஒட்டினோம். ஒரு பிழை திருத்தவேண்டுமென்றால் படத்தையே திரும்ப வரையவேண்டும். விளையாடுகிறவர் எழுத்தைப் பெரிதாக்க முடியாது. தேட முடியாது. தன் கையால் ஒரு தமிழ்ச் சொல் எழுதவும் முடியாது. படகுக்குப் பெயர் வைக்கிற இடத்தில் ‘இங்கிலிசிலை எழுதட்டும்’ என்று நீங்கள்தான் முடிவு செய்தீர்கள். எங்கள் விளையாட்டில், எங்கள் படகுக்கு.

கோடோ என்ற எஞ்சின் இலவசம். யாரும் அதைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். தமிழைத் தமிழாகக் காட்டுகிறது. அதற்கு மாறினால் பழைய விளையாட்டின் படகு, பறவை, சத்தம் எதையும் கொண்டுபோக முடியாது என்பது எனக்கும் தெரியும். அவை அவர்களுடையவை. உங்களைச் சுடுகிற உண்மையும் அதுதான் என்று நினைக்கிறேன். அந்தத் தண்ணீரும் அவர்களுடையது. உங்களுடையது அல்ல.

ஓம், நான் கடலைப் பஸ் ஜன்னலால்தான் கண்டேன். வாழைத்தோட்டத்துக்குள் வளர்ந்தவள் வேறு எப்படிக் காண்பது? அதனால்தான் இந்த விளையாட்டைச் செய்ய வந்தேன். உங்களுக்கு இறங்கிப் போகக் கடல் இருக்கிறது. எனக்கு இதுதான் இருந்தது.

இறங்குதுறையை மட்டும் கோடோவில் தனியாகச் செய்து பார்க்கிறேன். காணொளி இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கதிரவேலு கோபிகா


குருநகர்
24 யூன் 2025

கோபிகா,

என்னை ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். அதற்கு இரண்டு அடி அடித்திருக்கலாம்.

காணொளியைப் பார்த்தேன். எழுத்து அழகு. மறுக்கவில்லை. தண்ணீரைப் பற்றி என்ன சொல்ல? அது கடல் இல்லை, உங்கள் தோட்டத்து வாய்க்கால். அதில் வள்ளம் ஓடாது, வாழைமடல்தான் ஓடும். இப்படி ஒரு பதிலை அன்றே எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை. அதற்குள் ஒன்று நடந்துவிட்டது.

போன ஞாயிறு பூசை முடிந்து, கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தில் ‘சோளகக் கடலை’ப் போட்டுக் காட்டினேன். கண்காட்சிக்கு முதல் எங்கள் ஆட்கள் பார்க்கட்டும் என்று. சுவர் நிறையக் கடல். விளையாட்டுக்கென்று றெஜினா அக்கா பேசித் தந்த காலநிலை அறிவிப்பு வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நான் நிமிர்ந்து நின்றேன், பொய் சொல்லக்கூடாது.

படகு எஞ்சின் திருத்துகிற லெனாட் அண்ணையை உனக்குத் தெரியாது. அவருக்குக் காது கேளாது. அக்காவின் குரல் அவருக்கு இல்லை. திரையில் வரும் எழுத்துத்தான் இருக்கிறது. கிட்டப்போய்க் கண்ணைச் சுருக்கி வாசித்தார். பெரிதாக்கு என்று கையால் காட்டினார். முடியாது என்று தலையாட்டினேன். படகுக்குப் பெயர் வைக்கும் இடம் வந்தது. ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னேன். தன் கைபேசியில் எழுதிக் காட்டினார்: ‘என்ரை வள்ளத்துக்குப் பேர் தமிழிலைதான்.’ சரி, பார்ப்போம் என்று தமிழில் அடிக்கவிடாத தடையைக் கழற்றிவிட்டேன்.

‘லெனாட்’ என்று அடித்தார். சுவரில் ‘லனொட்’ என்று வந்தது.

பொடியள் சிரிக்கத் தொடங்கினார்கள். அவர் தானே ஏதோ பிழை விட்டதாக நினைத்து அழித்து அழித்துத் திரும்ப அடித்தார். அப்போது அப்பா எழும்பி வந்தார். ‘விடு, நான் அடிக்கிறன்’ என்று ஒரு விரலால் ‘செபநாயகம்’ என்று தன் பெயரை அடித்தார். ‘சபெநாயகம்’ என்று வந்தது, சுவரளவு பெரிதாக. மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

இறங்குதுறையில் இப்போது அவரை ‘சபெநாயகம் அண்ணை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பகிடிதான். அவர் கோபிக்கவில்லை. நேற்றுச் சாப்பிடும்போது மட்டும் கேட்டார்.

‘உதைச் சரிக்கட்ட ஏலாதோ?’

‘எஞ்சின் மாத்த வேணும் அப்பா. கோபிகா சொல்லுறவள்.’

‘மாத்தன். எத்தினை குதிரைவலு?’

நான் விளக்கிச் சொல்லவில்லை. சிரிக்கவும் வரவில்லை.

நீ சொன்னது சரி என்று நான் இன்னும் சொல்லவில்லை. உன் தண்ணீர் மோசம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் படங்களை வரைவதை நிறுத்திவிட்டேன்.

ஜெரிசன்


நீர்வேலி
13 யூலை 2025

ஜெரிசன்,

நான் சிரிக்கவில்லை. உன் அப்பா சேர்ந்து சிரித்தார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் மடிக்கணினியை மூடிவிட்டு எழும்பிப் போய்விட்டேன். வென்றுவிட்டேன் என்று நினைக்கவேண்டிய இடம் அது. நினைக்க முடியவில்லை.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் எஞ்சின் பற்றி மட்டும் எழுதியே கதைப்போம். போனில் ஒருவர் முடிக்க முதல் மற்றவர் தொடங்கிவிடுகிறோம்.

நயினாதீவுத் தேருக்கு அம்மாவோடு போனேன். குறிகட்டுவானில் லோஞ்சுப் படகில் ஏறினால் மற்றச் சனமெல்லாம் ‘அம்மாளே’ என்று கோபுரத்தைப் பார்க்கிறது, நான் தண்ணீரைப் பார்க்கிறேன். அம்மா கேட்டாள், ‘என்ன பிள்ளை, ஏதும் விழுந்து போச்சோ?’ என்று. ஆழமில்லாத இடத்தில் பச்சை, சாதாளைப் பாசி கிடக்கும் இடத்தில் கறுப்பு, நடுவில் வேறொரு நிறம். அதற்கு எனக்குச் சொல் இல்லை. என் காணொளியில் எல்லா இடமும் ஒரே நீலம். வாய்க்கால் என்று நீ சொன்னது கூடுதல் மரியாதை. எங்கள் வாய்க்காலில் அதைவிட நல்ல தண்ணீர் ஓடும்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எழுத்தை நான் செய்வேன். பெயர், வசனம், வரைபடம், பெரிதாக்குவது, தேடுவது எல்லாம் என் பொறுப்பு. லெனாட் அண்ணை தூரத்தில் நின்று வாசிக்கும்படி செய்வேன். தண்ணீர் எழுத என்னால் முடியாது. வாகீசனும் முயன்றான், அவனுடையது கண்ணாடி மேசைமாதிரி இருக்கிறது.

தண்ணீரை நீ எழுது. கோடோவில் கைவைக்க இடமிருக்கிறது. ஒவ்வொரு துளியும் எப்படி அசையவேண்டும், எங்கே வெளிக்கவேண்டும் என்று நீயே நிரலில் எழுதலாம். இதுவரை நீ இன்னொருவரின் தண்ணீரில் வள்ளம் விட்டாய். உனக்கு அது குறைவு என்று நினைக்கிறேன். பயமாக இருந்தால் சொல், பழைய எஞ்சினிலேயே கிடப்போம்.

கோபிகா


குருநகர்
10 ஓகஸ்ட் 2025

கோபிகா,

‘பயமாக இருந்தால்’ என்று நீ எழுதியது வேண்டுமென்றுதானே? வேலை செய்துவிட்டது.

பயமாகத்தான் இருந்தது. பழைய எஞ்சினில் தண்ணீர் அழகாக இருந்தால் பாராட்டு எனக்கு வரும். இதில் பிழைத்தால் ஏச்சும் எனக்குத்தான்.

முதலாவது தண்ணீர் கஞ்சிமாதிரி வந்தது. அடுத்தது பொலித்தீன். அதற்கடுத்தது நன்றாக இருந்தது, ஆனால் வாகீசனின் கணினி சூடாகி மூச்சு விடத் தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் யாரிடமும் ஓடாத கடலை வைத்து என்ன செய்வது? எல்லாவற்றையும் அழித்துவிட்டு அப்பாவோடு வள்ளத்தில் போனேன். கைபேசியை வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் கட்டிவைத்துப் படம் எடுத்தேன். அப்பாவுக்கு என்னை வைத்து ஒரு வேலையும் ஆகவில்லை. ‘மீன் பிடிக்க வந்தனியோ, தண்ணிக்குப் பேன் பாக்க வந்தனியோ?’ என்று பேசினார்.

வந்து பார்க்கும்போதுதான் பிடிபட்டது. பெரிய அலைகளைச் செய்வதிலேயே நான் மினக்கெட்டிருக்கிறேன். எங்கள் பரவைக்கடலில் பெரிய அலை எங்கே இருக்கிறது? அடியில் கிடக்கும் மணலும் சாதாளையும் தெரிகிற மெல்லிய தண்ணீர், மேலே காற்றுச் சுரண்டுகிற சின்னச் சின்னக் கோடு. வெளியே தீவுகளைத் தாண்டியபிறகுதான் அலை. பழைய எஞ்சின் எல்லா இடமும் ஒரே பெருங்கடலைக் காட்டியது. போலந்துக்காரர் பார்த்துச் சொக்கியது எங்கள் கடலை அல்ல. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இப்போது என் தண்ணீர் வாகீசனின் கணினியிலும் சத்தமில்லாமல் ஓடுகிறது. இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு உண்மையைச் சொல்.

‘சோல்ற் ஹாபர்’ ரசிகர் மன்றத்தில் நாங்கள் விலகுகிறோம் என்று அறிவித்துவிட்டேன். சிலர் துரோகிகள் என்று எழுதினார்கள். இத்தனை வருட உழைப்பைக் குப்பையில் போடுகிறீர்களே என்று சிலர். போலந்துக்காரர் மட்டும், ‘எங்கே போகிறீர்கள், முகவரி தாருங்கள்’ என்று கேட்டிருக்கிறார்.

புது வேலைக்கென்று நீ கொழும்புக்குப் போக முதல் ஒருநாள் இங்கே வா. அப்பா வள்ளத்தில் ஏற்றுவதாகச் சொன்னார். அவருக்கு உன்னிடம் ஏதோ கேட்க இருக்கிறதாம்.

ஜெரிசன்


வெள்ளவத்தை
7 செப்டெம்பர் 2025

ஜெரிசன்,

கொழும்பு அலுவலகத்தில் என்னை வைத்துப் பிழிகிறார்கள். அறைக்கு வந்தால் ‘சோளகக் கடல்’. சனி ஞாயிறு என்று ஒன்று இருந்ததாக ஞாபகம்.

உங்கள் வள்ளத்தில் தலைசுற்றி நான் சத்தி எடுத்ததை வாகீசனுக்குச் சொல்லிவிட்டாய். இதற்கு உனக்கு ஒருநாள் இருக்கிறது. ஆனாலும் அந்த நாளை நான் மறக்க மாட்டேன். உன் அப்பா கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: ‘பிள்ளை, புது எஞ்சினிலை எங்கடை பேர் வருமோ?’ என்று. அவர் முன்னாலேயே மடிக்கணினியில் அடித்துக் காட்டினேனே, அப்போது அவர் முகத்தை நீ பார்க்கவில்லை. நீ நங்கூரத்தோடு நின்றாய்.

இனி நான் எழுத விரும்பாததை எழுதுகிறேன். கண்காட்சியில் பழையதையே காட்டுவோம்.

கோபப்படாமல் கேள். பழையதில் ஆறு தீவு இருக்கிறது, புயல் இருக்கிறது, இரவு மீன்பிடி இருக்கிறது. புதியதில் குருநகரிலிருந்து மண்டைதீவுக்குப் போய்த் திரும்பலாம், அவ்வளவுதான். அலுவலகத்தில் இருவருக்குப் போட்டுக் காட்டினேன். போய்த் திரும்பிவிட்டு, ‘மிச்சம் எங்கே?’ என்று கேட்டார்கள். பக்கத்து மேசைகளில் கொழும்புக் கொம்பனிகளின் பெரிய வேலைகள் இருக்கும். அங்கே ஒரு சின்னத் துண்டை வைத்துக்கொண்டு உன்னையும் வாகீசனையும் நிற்கவிட எனக்கு மனம் வரவில்லை. எஞ்சின் மாற்றச் சொன்னது நான். உங்கள் தலை குனிந்தால் அது என்னால்.

அத்தோடு, அன்று எனக்கு லீவு இல்லை. கேட்டுப் பார்த்தேன். தரமாட்டார்கள். நான் அங்கே நிற்கமாட்டேன்.

கோபிகா


குருநகர்
8 செப்டெம்பர் 2025

கோபிகா,

இல்லை.

பழைய எஞ்சினுக்காக உன்னோடு சண்டை பிடித்தவன் நான். இப்போது அதே எஞ்சினுக்காக நீ என்னோடு சண்டைக்கு வருகிறாய். வாகீசனுக்கு வாசித்துக் காட்டினேன். ‘உங்கள் இரண்டு பேருக்கும் விசர்’ என்றான்.

பழையதைக் காட்டினால் எல்லோரும் பாராட்டுவார்கள். யாரைப் பாராட்டுவார்கள்? புதியது சின்னதுதான். குருநகரிலிருந்து மண்டைதீவு வரை. ஆனால் அந்தத் துண்டில் ஒரு கல், ஒரு காகம், ஒரு எழுத்து இரவல் இல்லை. மிச்சம் எங்கே என்று கேட்டால், செய்துகொண்டிருக்கிறோம் என்று சொல்வேன். அதில் தலை குனிய ஒன்றுமில்லை.

நீ எழுத்தை முடி. மேசையில் நான் நிற்கிறேன்.

ஜெரிசன்


குருநகர்
5 ஒக்ரோபர் 2025

கோபிகா,

நேற்றுக் கண்காட்சியிலிருந்து உனக்குப் படங்கள் மட்டும் அனுப்பினேன். போனில் கதைத்தபோது பின்னால் ஒரே இரைச்சல், நீ கேட்ட எதற்கும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது முழுதும் எழுதுகிறேன்.

காலையில் யாரும் வரவில்லை. எங்களுக்கு ஒரு பக்கம் கலர் வெளிச்சமும் சுழல் கதிரையும் வைத்த கொழும்புக் கொம்பனி. மற்றப் பக்கம் கார்ப் பந்தயம். ஒருவர் வந்து நின்றார். ‘இது என்ன, ஆற்று வள்ளமா?’ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். வாகீசன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. நீ சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று எனக்கு ஓடியது. இதை எழுதாமல் விடலாம், ஆனால் முழுதும் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு லெனாட் அண்ணை வந்தார். எழுத்தைப் பெரிதாக்குகிற இடத்தைக் காட்டினேன். பெரிதாக்கினார், பெரிதாக்கினார், திரையில் பாதி எழுத்தாகும்வரை பெரிதாக்கிவிட்டுக் கதிரையில் சாய்ந்து இருந்தார். அக்காவின் காலநிலை அறிவிப்பு முழுவதையும் வாசித்தார். ‘லெனாட்’ என்று அடித்தார். ‘லெனாட்’ என்றே வந்தது. அணியத்தில் தன் பெயரோடு வள்ளத்தை எடுத்துக்கொண்டு மண்டைதீவுக்குப் போய், அங்கே இறங்காமல் தீவைச் சுற்றிச் சுற்றி ஓடினார். தூரத்திலிருந்தே அந்தப் பெரிய எழுத்தைக் கண்டு சனம் வரத் தொடங்கியது.

அதன்பிறகு எல்லோருக்கும் பெயர் வைக்கத்தான் வேண்டும். ‘சிவகாமி’, ‘ஆரோக்கியமாதா’, ‘மூன்று பிள்ளைகள்’. ஒரு பெண் ‘மாமிக்குச் சொல்லாதை’ என்று வைத்தாள், வரிசை முழுக்கச் சிரிப்பு. ஒருவர் தன் வீட்டு ஆட்கள் எல்லோரின் பெயரையும் சேர்த்து அடிக்க, விளையாட்டு அப்படியே நின்றுவிட்டது. வாகீசன் வியர்க்க வியர்க்கத் திருத்தினான். ஒருவரும் வரிசையை விட்டுப் போகவில்லை. பக்கத்துக் கொம்பனிக்காரரே எழும்பி வந்து, ‘இது எந்த எஞ்சின்? தண்ணீர் எங்கே வாங்கினது?’ என்று கேட்டார்.

‘நான் எழுதினனான்’ என்றேன். கோபிகா, அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு நாள் எடுத்தது!

அப்பா பூசைக்குப் போடும் சேட்டோடு வந்தார். ஒரு விரலால் தன் பெயரை அடித்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். விளையாடவில்லை. எழும்பி நின்று வருகிற ஆட்களைக் கூப்பிட்டார்: ‘வாங்கோ, இதை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ.’ எல்லோரும் வாசித்தார்கள். அன்று சிரித்த சங்கத்துப் பொடியளும் வாசித்தார்கள்.

இனித்தான் உனக்குத் தெரியாதது. மத்தியானம் கழிந்து வேட்டியும் வெள்ளைச் சேட்டுமாக ஒருவர் வாழைக்குலையோடு வந்து நின்றார். ஆள் யாரென்று எனக்கு விளங்கவில்லை.

‘தம்பி, சோளகக் கடல் இதோ?’

‘ஓம் ஐயா.’

‘நான் கதிரவேலு. நீர்வேலி. பிள்ளைக்கு லீவு இல்லையாம். அதுதான் நான் வந்தனான்.’

கதிரையில் இருத்தினேன். சுட்டியைப் பிடிக்கத் தெரியவில்லை. வள்ளத்தைக் கொண்டுபோய் நேரே சேற்றில் ஏற்றினார். பிறகு கேட்டார்:

‘இதிலை என்ரை பிள்ளை செய்தது எது?’

‘ஐயா, இதிலை தெரியிற ஒவ்வொரு எழுத்தும் அவ செய்தது.’

அதன்பிறகு அவர் விளையாடவில்லை. தெரிவுப்பட்டியல், எச்சரிக்கை, வரைபடத்துத் தீவின் பெயர், எதையும் விடாமல் வாய்விட்டு வாசித்தார். ‘சேமிக்கவும்’ என்பதைக்கூட வாசித்தார். பிறகு எழும்பி அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பின்னேரம் முழுக்க இருவரும் வந்தவர்களுக்கு விளக்கம் கொடுத்தார்கள். ‘தண்ணி இந்தத் தம்பி, எழுத்து எங்கடை பிள்ளை’ என்று அவர். ‘எஞ்சின் இப்ப புதுசு’ என்று அப்பா. மற்றதெல்லாம் இருவரும் பிழையாகத்தான் சொன்னார்கள். நான் திருத்தவில்லை.

பரிசு பக்கத்துக் கொம்பனிக்குப் போனது. நல்ல வேலைதான் அது. வாழைக்குலையை எல்லா மேசைக்கும் பிரித்துக் கொடுத்தோம்.

ஜெரிசன்


வெள்ளவத்தை
2 நவம்பர் 2025

ஜெரிசன்,

உன் கடிதத்தை அலுவலகப் படிக்கட்டில் இருந்து வாசித்தேன். அதற்குப் பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. எழுதத் தொடங்கினால் அப்பாவைப் பற்றித்தான் வருகிறது, அது உனக்கு எழுதுகிற விசயமில்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் இதுவரை கேட்டதில்லை. இப்போது ஒவ்வொரு நாளும் கேட்கிறார். ‘நெடுந்தீவு எழுதியாச்சோ?’ என்று. நெருக்கடி உன்னிலும் மோசம்.

அதை விடு. வேறு விசயம். இதைப் போனில் சொன்னால் நீ கத்துவாய் என்பதால் எழுதுகிறேன்.

கண்காட்சி முடிந்ததும் எங்கள் நிரல்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டோமே. நேற்று அங்கே ஒரு செய்தி கிடந்தது. யுவநிதா என்று ஒரு பெண், மட்டக்களப்பு கல்லடிக்காரி. ஆளை எனக்கும் தெரியாது, வாகீசனுக்கும் தெரியாது. அவள் எங்கள் விளையாட்டை எடுத்து, மண்டைதீவைக் கழற்றிவிட்டு மட்டக்களப்பு வாவியைப் பூட்டியிருக்கிறாள். கல்லடிப் பாலம் இருக்கிறது. வசனங்கள் முழுவதையும் தங்கள் பேச்சுக்கு மாற்றியிருக்கிறாள். சந்தையில் நிற்கிற பெண் ‘என்னகா, மீன் பட்டதா?’ என்று கேட்கிறாள். ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில் நிற்கிறது.

எல்லாம் செய்து முடித்துவிட்டுக் கேட்டிருக்கிறாள்: ‘உங்கள் விளையாட்டுக்கு நான் மொட் செய்யலாமா?’

விளங்குகிறதா? எங்களுக்கு ஒருவர் மொட் செய்திருக்கிறார். எங்களுக்கு!

பதிலை நீ எழுது. நான் எழுதினால் ஆச்சரியக்குறிகள்தான் இருக்கும்.

கோபிகா


குருநகர்
9 நவம்பர் 2025

கோபிகா,

பதில் அனுப்பிவிட்டேன். ‘ஓம், செய்யுங்கள்’ என்று. கீழே எங்கள் மூவரின் பெயரும் போட்டேன். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஆனால் அதை எழுத எனக்கு அரைநாள் எடுத்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அவள் என் தண்ணீரை மாற்றிவிட்டாள்! நீ அதைச் சொல்லவில்லை. குறிப்பு வேறு எழுதி வைத்திருக்கிறாள்: ‘உங்கட தண்ணி நல்லம். ஆனா எங்கட வாவிக்குச் சரிவராது.’ வஞ்சகமில்லாமல் எழுதியிருக்கிறாள், அதுதான் கூட எரிந்தது. எவ்வளவு பாடுபட்டு எழுதியது! காற்றின் கோட்டைக் குறைத்து, நிறத்தைக் கடுமையாக்கி, பாலத்தின் நிழலைத் தண்ணீரில் நீளமாக விழுத்தியிருக்கிறாள். திரும்ப என்னுடையதையே போடச் சொல்லி ஒரு கடிதம் எழுதினேன். அனுப்ப முதல் ஒருக்கால் ஓட்டிப் பார்ப்போம் என்று திறந்தேன்.

கோபிகா, அது மட்டக்களப்புத்தான். நான் அந்த ஊருக்குப் போனதே இல்லை. ஆனால் அது எங்கள் கடல் இல்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது. கடிதத்தை அழித்துவிட்டேன். என் நிரலைத் திறந்து, அவள் எங்கெங்கே கைவைத்தாள் என்று வரிவரியாகப் பார்த்தேன். ஒரு இடத்தில் என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறாள். அதை எங்கள் நெடுந்தீவுக்கு எடுக்கப்போகிறேன், அவளிடம் கேட்டுவிட்டு.

அப்பா கடலிலிருந்து வந்து, வலையைப் போட்டுவிட்டு, எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

‘இது ஆரின்ரை கடல்?’

‘மட்டக்களப்பு வாவி அப்பா. அங்கை ஒரு பிள்ளை செய்தது.’

‘எந்த எஞ்சின்?’

‘எங்கடைதான்.’

கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

‘அப்ப ஓட்டன்’ என்றார்.

ஜெரிசன்